மாமியும் சித்தப்பாவும் நிரப்பிய கான்கள்

எங்கள் குடும்பத்தில் மாமிக்கும் சித்தப்பாவுக்கும் போட்டி இல்லாத விஷயம் ஒன்றுமே கிடையாது. மாமி அப்பாவின் அக்கா. சித்தப்பா அப்பாவின் தம்பி. யாருடைய வயல் முதலில் கதிர் தள்ளுகிறது, யாருடைய கோழி பெரிய முட்டை இடுகிறது என்பதில் எல்லாம் முட்டிக்கொள்வார்கள். நடுவில் பிறந்த பாவத்துக்கு அப்பாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்த அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. முகமும் காலும் வீங்கிப்போய், இரத்தத்தைச் சுத்தம் செய்வதற்காக எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்திலிருந்து அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள். மாமியின் இரத்தமும் பொருந்தியது, சித்தப்பாவின் இரத்தமும் பொருந்தியது. கேட்க வேண்டுமா?

"நான்தான் குடுப்பன்."

"மூத்தவள் நானிருக்க நீ ஆரடா குடுக்க?"

முற்றம் அதிர்ந்தது. யாருடைய சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் கான் கொடுத்தார்கள். காலையில் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, அதன்பிறகு மறுநாள் காலைவரை போகும் சலம் முழுவதையும் ஒரு துளி சிந்தாமல் கானில் சேர்க்க வேண்டும். கான் எவ்வளவு நிரம்புகிறதோ அவ்வளவு வெற்றி என்று சித்தப்பா தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். அன்று அவர் வயலுக்கே போகவில்லை. தென்னைக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு இளநீராகக் குடித்துத் தள்ளினார். நான் சித்தப்பாவின் கட்சி. செம்பு செம்பாகத் தண்ணீர் கொண்டு ஓடினேன்.

மாமிக்கு வயலில் களை பிடுங்க ஆள் வந்திருந்த நாள். கானைப் பழைய சேலைத்துணியில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வழியில் கடைக்காரர், "அக்கா, கானுக்குள்ள என்ன, நல்லெண்ணெயோ?" என்று கேட்டாராம். "ஓம், வீட்டில ஆட்டினது. ஒரு போத்தல் தரட்டோ?" என்றாராம் மாமி.

மறுநாள் சித்தப்பாவின் கான் வழிந்து, கூடவே ஒரு போத்தலும் தேவைப்பட்டது. மாமியின் கானில் பாதிகூட இல்லை. போட்டி முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். சித்தப்பா தன் கானை மேசையில் தொம்மென்று வைத்த விதத்தைப் பார்த்து டொக்டர் சிரித்துவிட்டார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இளம்பெண்.

"அண்ணை, தண்ணி கூடக் குடிச்சால் தண்ணிதான் கூடப் போகும். கிட்னி ரத்தத்தை வடிச்சு, வேண்டியதைத் திருப்பி எடுத்துப்போட்டுக் கழிவைத்தான் வெளியால விடும். எவ்வளவு கழிவு வெளியால வந்தது, எவ்வளவு இன்னும் ரத்தத்தில நிக்குது எண்டுதான் நாங்கள் பார்க்கிறது."

சித்தப்பாவின் முகம் சப்பென்று ஆனது. முடிவு வந்த அன்று எல்லோரும் போனோம். மாமியினுடையது இளம்பிள்ளையினுடையதுபோல வடிக்கிறது என்றார் டொக்டர். பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, "உங்கட கிட்னி உங்களுக்குப் போதும். குடுக்கக் காணாது" என்றார்.

பஸ்ஸில் மாமியைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்துச் சீற்றில் இருந்தவர்களிடம்கூடத் தான் வென்ற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் மிளகாய் கிடந்தால், "என்ர கிட்னிக்கு உறைப்பு ஒத்துவராது" என்று மாமி எடுத்து எறிந்துவிடுவார். அப்பாவும் மிச்சத்தைச் சாப்பிடுவார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவைக் காணவில்லை. தேடிப்போனபோது கிணற்றடியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். பெரிய ஆம்பிளை அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவருடைய தோளைத் தடவி, "அழாதேங்கோ சித்தப்பா. அடுத்த முறை நீங்கள்தான் வெல்லுவீங்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மூக்கைச் சீறிக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சிரிப்பு ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சிறுநீரகம் கொடுப்பதென்றால் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல என்றுதான் நான் நினைத்திருந்தேன். வென்றவரைத்தான் வயிற்றைக் கீறக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள் என்பதோ, அதற்காகத்தான் அந்த இரண்டு பேரும் அப்படிச் சண்டை பிடித்தார்கள் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது.