பதினாறாம் வாய்ப்பாடு

மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக இன்று அச்சகத்தில் நின்றபோது மை வாசம் மூக்கில் ஏற, இப்போது செல்போன் கடையாகிவிட்ட எங்கள் திருக்கோகர்ணம் வீட்டுக்கே போய்விட்டேன். முன்னறையில் வக்கீல் அப்பா பாகப்பிரிவினைக் கேஸ் கட்டுகளுக்கு நடுவே, தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்காக, ஆயுதம் எடுக்கச் சொல்லித் துண்டறிக்கை எழுதுவார். அடுப்படியில் விறகுக்குப் பின்னால் ஒளித்திருந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் அதைக் கடகடவென்று சுற்றி அச்சடிப்பது அம்மா. அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்க நான் வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியக் கத்துவேன்.

ஒரு மத்தியானம் பதினாறாம் வாய்ப்பாட்டில் இருந்தபோது போலீஸ் வந்துவிட்டது. கட்டுகளையெல்லாம் அவிழ்த்துப் பார்த்த இன்ஸ்பெக்டர், "வக்கீல் சார், கையக் காட்டுங்க" என்றார். அப்பாவின் கை சுத்தமாக இருந்தது. அந்நேரம் தண்ணீர்ச் செம்போடு வந்த அம்மாவுக்கோ விரலெல்லாம் மை. கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் ஜெயில்.

"என்னம்மா, கையெல்லாம் இப்புடி?"

"சட்டிக் கரிங்க. ஒங்க வீட்ல ஆரு வெளக்குறா?"

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

ஜீப் போன பிறகு, ஊருக்கெல்லாம் சமத்துவம் எழுதிய அப்பா, கிணற்றடிக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டி விளக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "இங்கிட்டுக் குடுங்க. ஒங்களுக்குக் கை நடுங்குது."