கொழுந்து மடுவத்தில் நடந்த வகுப்பு

“லயத்துப் புள்ளதானே இது! இது என்னத்தப் படிச்சு, நம்ம புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போவுது?”

நான் ஆசிரியையாகக் கடமையேற்ற முதல் நாள், பாடசாலை வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் சிவலிங்கம் ஐயா, எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனின் கணக்கப்பிள்ளை. மலையில் வேலையைப் பார்ப்பதும், எடுத்த கொழுந்தை நிறுத்துப் பதிவதும் அவர் பொறுப்பு. பாடசாலைச் சங்கத்துக்கும் அவரே செயலாளர். ஆனால் தன் இரண்டு பெண்களையும் வேனில் பசறை டவுனுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்.

சொன்னதில் முதல் பாதி உண்மைதான். நான் அதே தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றில் பிறந்தவள். அம்மா லெச்சுமி இன்றும் கொழுந்து எடுக்கிறார். அப்பா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பாடசாலைப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஆசிரிய உதவியாளர் நியமனம் கிடைத்து, கலாசாலையில் பயிற்சி முடித்து, நானே கேட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பாடசாலைக்கு வந்தேன். இரண்டாம் பாதி உண்மையா இல்லையா என்பதை அன்று வாசலில் நின்று வாதாடித் தீர்க்க முடியாது. வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆசிரியர் பற்றாக்குறையால் ஒன்று முதல் மூன்று வரையான சின்ன வகுப்புகள் மூன்றையும் அதிபர் என் தலையில் கட்டினார்.

குளவி

பாடசாலைக்கு மேலே டர்பன்டைன் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றின் உச்சியில் பெரிய குளவிக்கூடு. அது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பழகிப்போயிருந்தோம். ஒரு காலைக்கூட்டத்தின்போது காற்று பலமாக அடித்து, கிளை ஒன்று முறிந்து கூட்டில் இடித்தது, குளவிகள் கலைந்து கீழே பாய்ந்தன.

பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் சிலர் முற்றத்திலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தத்தை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, பிள்ளைகளை அந்தச் சாக்குத்துணியால் மூடி, மேலே கவிழ்ந்து படுத்தார்கள். அதிகம் கொட்டு வாங்கியவர் செல்வி அக்கா. அவர் மகள் தனுஷிகா என் மூன்றாம் வகுப்பு. அவளையும் கொட்டியிருந்தது. இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாகத் திரும்பினார்கள்.

கூட்டை அகற்றும்வரை பாடசாலையைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. பெரிய வகுப்புகள் இரண்டையும் அதிபர் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு மேல் இடமில்லை. என் சின்னவர்களைத் தற்காலிகமாக டவுன் பாடசாலையில் சேர்க்கலாம் என்றார்கள்.

லயத்தில் இருந்து பஸ் ரோட்டுக்கே நல்ல நடை. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் எந்தத் தாய் ஆறு வயதுப் பிள்ளையை பஸ் ஏற்றிவிடுவாள்? சின்னவர்கள் வீட்டில் தங்கிவிடுவார்கள். தங்கிய பிள்ளை திரும்பி வருவது கஷ்டம். என்னோடு முதலாம் வகுப்பில் இருந்தவர்களில் பலர் அப்படித்தான் நின்றுபோனார்கள்.

ஒரு வாரத் தவணை

கூரை உள்ள இடம் எதுவென்று யோசித்தபோது கொழுந்து மடுவம் ஞாபகம் வந்தது. கொழுந்து நிறுக்கும் நீளமான கொட்டகை. மூன்று நேர நிறுவை தவிர மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கிறது. தோட்டத்து மேலாளரான துரையிடம் போய்க் கேட்டேன். “கணக்கப்பிள்ளை சரின்னா எனக்கும் சரி” என்றார் துரை.

சிவலிங்கம் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“லெச்சுமி மகளே, இது மடுவமா, பிள்ளைக் காம்பராவா?”

பிள்ளைக் காம்பரா என்பது வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்.

“மடுவந்தாங்க ஐயா. நீங்க நிறுக்கிற நேரம் நாங்க ஓரமா நின்னுக்கிறோம்.”

“ஒரு கொழுந்து மிதிபடக் கூடாது.”

“படாதுங்க.”

“ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது.”

முதல் நாளே மிதிபட்டது. ஒருவன் கொழுந்துச் சாக்கின் மேல் ஏறிக் குதித்தான். ஐயா போட்ட சத்தத்தில் பிள்ளைகள் மட்டுமல்ல, நானும் சுவரோடு ஒட்டினேன். மறுநாள் தரையின் நடுவே சோக்கால் தடித்த கோடு ஒன்று போட்டேன். கோட்டுக்கு அந்தப்பக்கம் ஐயாவின் ராஜ்ஜியம், இந்தப்பக்கம் எங்களுடையது. நிறுவை நேரத்தையே எங்கள் கணித நேரமாக மாற்றினேன்.

ஐயா தராசில் கிலோவைப் பார்த்து “பதினாலு!” என்று கூவுவார். இந்தப்பக்கம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து “பதினாலு!” என்று கூவுவார்கள். வரிசையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வி அக்காவின் முறை வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. குளவி கொட்டிய கை இன்னும் சரியாகவில்லை.

“ஒம்பது!”

“ஒம்ம்பது!”

“அடப் பாவிகளா, எம் மானத்த வாங்காதீங்கடா!” என்று செல்வி அக்கா சாக்காலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

“மெதுவாச் சொல்லச் சொல்லு ஒன் டீச்சர் மகள” என்றார் ஐயா, வரிசையில் நின்ற என் அம்மாவிடம்.

“வீட்டுல அது போடுற சத்தத்துக்கு இது கொறச்சல்ங்க” என்றார் அம்மா.

அன்றிலிருந்து கூவுவதை நிறுத்தி, கேட்ட எண்ணைச் சிலேட்டில் எழுதச் செய்தேன். இரண்டு பேருடையதைக் கூட்டுவது இரண்டாம் வகுப்பின் வேலை. கழிப்பது மூன்றாம் வகுப்பு. முதலாம் வகுப்புக்கு எண்ணை எழுதினாலே போதும்.

நான்காம் நாள் செல்வி அக்கா வரிசையில் நின்றபடியே கேட்டார். “டீச்சர், எங்க தனு வாசிக்குமா?”

“வாசிக்கச் சொல்லட்டுமா அக்கா?”

தனுஷிகா எழுந்து தன் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கத் தொடங்கினாள். அவள் முடிக்குமுன் செல்வி அக்காவின் முறை வந்துவிட்டது. அவர் அசையவில்லை.

“செல்வி! சாக்கத் தூக்கு! இங்க என்ன படமா ஓடுது?”

“இருங்க ஐயா, இன்னும் ரெண்டு வரி இருக்கு!”

கணக்கப்பிள்ளையிடம் ஒருவர் அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. ஐயாவும் காத்திருந்தார். அந்த ஒரு வாரம் முடிந்தபோது அவர் தவணையைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பகல் நிறுவைக்கு வந்தவர்

அடுத்த வாரம் கல்விப் பணிமனையில் இருந்து ஓர் அதிகாரி வந்தார். பிள்ளைகளை டவுனுக்கு அனுப்புவதா, இங்கேயே வைப்பதா என்று அன்றைக்கே முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர் வந்து சேர்ந்தது சரியாகப் பகல் நிறுவைக்கு. வெளியே மழை, உள்ளே ஈரச் சாக்குகளோடு பெண்கள், அந்தப்பக்கம் தராசு, இந்தப்பக்கம் சிலேட்டுகள்.

“இது பாடசாலையா, மடுவமா?” என்றார் குடையை மடக்கிக்கொண்டே.

அதிபர் என்னைப் பார்த்தார்.

அதிகாரி தனுஷிகாவின் சிலேட்டை எட்டிப் பார்த்தார். “என்ன எழுதியிருக்கீங்க மகள்?”

“பதினேழு, பன்னெண்டு சேர். கழிச்சா அஞ்சு.”

“இந்த எண் எல்லாம் எங்க இருந்து வந்துச்சு?”

“பதினேழு லெச்சுமி பாட்டி எடுத்த கொழுந்து. பன்னெண்டு எங்க அம்மா எடுத்தது. அம்மாவுக்குக் கை நல்லானதும் பதினஞ்சு எடுப்பாங்க.”

“பதினாறு!” என்றார் செல்வி அக்கா வரிசையில் இருந்து. அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். “புள்ளைகள டவுனுக்கு அனுப்ப விருப்பமா?”

“வேணாங்க சேர்” என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. “இங்க எங்க கண்ணு முன்னால படிக்குதுங்க.”

“இந்த ஏற்பாடெல்லாம் யார் செஞ்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் சிவலிங்கம் ஐயா பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கோட்டின் ஓரம்வரை வந்து நின்றார்.

“எங்க லயத்துப் புள்ளதான் சேர்” என்றார். “யோகேஸ்வரி டீச்சர். எங்க லெச்சுமியோட மக.”

முதல் நாள் சொன்ன அதே சொல். இந்த முறையும் குரலைத் தாழ்த்தவில்லை.

அம்மா தலையில் இருந்த துண்டைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார். அதிகாரி கோட்டைத் தாண்டாமல் சுற்றிவந்து எனக்குக் கைகொடுத்தார். கூட்டை அகற்றும்வரை வகுப்பு இங்கேயே நடக்கலாம் என்றார். ஒரு பிள்ளைகூட டவுனுக்குப் போகவில்லை, ஒரு பிள்ளைகூட நின்றுபோகவில்லை.

புதிதாக வரும் டீச்சர்மாருக்கு

பிறகு ஆட்கள் வந்து கூட்டை அகற்றினார்கள், நாங்கள் பாடசாலைக்குத் திரும்பினோம். ஆனால் ஒன்றை மடுவத்திலேயே விட்டுவந்தோம். எங்கள் பெற்றார் கூட்டம் இப்போது அங்கேதான் நடக்கிறது, பகல் நிறுவை முடிந்த கையோடு.

முன்பெல்லாம் கூட்டத்தை வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைப்போம். வந்தால் அன்றைய பேர் போய்விடும், அதாவது ஒரு நாள் சம்பளம். ஆகவே யாரும் வரமாட்டார்கள். ‘தோட்டத்து ஆட்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். அக்கறை எப்போதும் இருந்தது. நாம் அழைத்த நேரம்தான் பிழை. நீங்கள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், பெற்றார் அன்றாடம் எங்கே கூடி நிற்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே பார்த்துவையுங்கள். அங்கே நீங்கள் போங்கள்.

ஜனவரியில் சிவலிங்கம் ஐயா தன் சின்ன மகளை வேனில் இருந்து இறக்கி, கையைப் பிடித்து என் வகுப்பு வாசலுக்குக் கூட்டிவந்தார். “இந்தாங்க டீச்சர்” என்றார். ‘இந்தா’ அல்ல, ‘இந்தாங்க’.

சென்ற கூட்டத்தில் செல்வி அக்கா எழுந்து கேட்டார். “அஞ்சு வரைக்கும் நீங்க பாத்துக்கிறீங்க. ஆறாம் வகுப்புக்கு எங்க புள்ள டவுனுக்குப் போயித்தானே ஆவணும்? ஆறையும் இங்கயே வச்சா என்னவாம்?”

ஆறாம் வகுப்பு தொடங்க முதலில் கணித ஆசிரியர் வேண்டும், அதற்குப் பட்டம் படித்தவர் வேண்டும் என்று அதிபர் விளக்கினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கணிதப் பட்டப்படிப்புக்குப் பதிந்துவிட்டேன். போன சனிக்கிழமை பதுளையில் முதல் வகுப்பு. திரும்பி வந்து மடுவத்து வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாலை நிறுவை நடந்துகொண்டிருந்தது.

“என்ன டீச்சர், ஒங்களுக்கும் வீட்டுவேல குடுத்திருக்காங்களா?” என்று தராசுக்குப் பின்னால் இருந்து ஐயா கேட்டார்.

“குடுத்தாங்கய்யா. பஸ்ஸுலயே செஞ்சு முடிச்சிட்டேன்.”