ஆடாதை, பிள்ளை

குணபூசணியைப் பற்றி பிரிக்பீல்ட்ஸில் யாரைக் கேட்டாலும், அப்பாவைத் தங்கமாகப் பார்த்துக்கொண்ட பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவள் நான். என் வாயை யாராலும் கட்ட முடியாது என்பதால் சொல்கிறேன்.

அவளுடைய அப்பா முத்துக்குமாரு யாழ்ப்பாணத்து ஆள். ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கைகாட்டி மரம் ஒரு நூல் சாய்ந்திருந்தால்கூட ஆட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாராம். மனைவி செத்த மாதமே மகளை டைப்பிஸ்ட் வேலையை விடச் சொன்னார். மகன் மெல்பர்னுக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டான். இனி சோறு வடிக்கவும் கால் அமுக்கவும் யார் இருக்கிறார்கள்? வந்த வரன்களுக்கெல்லாம் ஒரு நொட்டை சொன்னார். ஒருவன் குள்ளம், ஒருவனுக்குச் சம்பளம் போதாது, ஒருவனுடைய தாயார் அதிகம் பேசுகிறாள். இப்படியே குணபூசணிக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது.

வேலை பார்த்த காலத்தில் அவளுக்குத் தம்புசாமியைத் தெரியும். கிள்ளானில் லோரி உதிரிப் பாகம் விற்கும் கடையில் மேற்பார்வை பார்த்தவன். ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவன், சாதுவானவன். மழைநாள் ஒன்றில் இருவரும் ஒரே குடையில் பஸ்ஸுக்கு நின்றதை முத்துக்குமாரு பார்த்துவிட்டார். தெருவே கேட்கும்படி கத்தினார்.

"தோட்டத்துக்காரன்ரை கால் இந்த வீட்டுக்குள்ளை படாது. நீயும் வெளியிலை போகமாட்டாய்!"

அன்று முதல் வாசல் இரும்புக் கிராதிக்கும் பின்கதவுக்கும் பூட்டு விழுந்தது. சாவி அவர் இடுப்பில் தொங்கியது. ஆனால் ஒரு சங்கடம். அந்திக்கு விளக்கு வைக்கும்போது வாசலைத் திறந்து வைக்க வேண்டும், லட்சுமி வருகிற நேரம். மகளை அடைத்து வைக்கிற மனிதருக்கு லட்சுமியை அடைக்க மனம் வரவில்லை. லட்சுமி உள்ளே வரவும் வேண்டும், மகள் வெளியே போகவும் கூடாது. அதற்குத்தான் லேசர் வந்தது.

எண்பத்தெட்டாம் வருஷம் அது. எங்கள் பக்கத்தில் அப்போது திருட்டு பயம் இருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டார். கள்வர் மணி பொருத்தும் கன்னையா என்பவனை அழைத்து வந்தார். வாசலுக்குப் போகும் நடையில் ஒரு பக்கச் சுவரில் கதிரை விடும் பெட்டி, எதிர்ச் சுவரில் அதை வாங்கும் பெட்டி. கதிர் கண்ணுக்குத் தெரியாது. யாராவது குறுக்கே போனால் சைரன் அலறும். முழங்காலுக்குக் கீழே ஒரு ஜோடி, இடுப்புக்கு ஒரு ஜோடி. சேலை கட்டிய பெண்ணால் தாண்டவும் முடியாது, குனிந்து போகவும் முடியாது.

கன்னையா தலையைச் சொறிந்தான். "அங்கிள், திருடன் வெளிய இருந்துதானே வருவான் லா? இங்க வச்சா வீட்டு ஆளுங்க நடந்தாலே கத்தும்."

"சொன்ன இடத்திலை வை."

வைத்துவிட்டுப் போனான். போகும்போது கைக்கு அடக்கமான ஒரு கருவியையும் விற்றுவிட்டுப் போனான். சோப்புக் கட்டி அளவு இருக்கும். அதன் முகத்தில் கதிர் பட்டால் சிவப்பு விளக்கு எரியும், கீச்சென்று கத்தும். கதிர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லை. அந்த வீடோ பலகை வீடு, பின்னால் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் சுவர் அதிர்ந்து கதிர் விலகிவிடும். ஆகவே தினமும் காலையில் நேர் பார்க்க வேண்டும்.

நேர் பார்க்க இரண்டு பேர் வேண்டுமே. முத்துக்குமாரு ஒரு சுவரோரம் உட்கார்ந்து பெட்டியின் திருகைத் திருப்புவார். எதிர்ச் சுவரோரம் குணபூசணி முழந்தாளிட்டுக் கருவியைப் பிடிக்க வேண்டும்.

"கொஞ்சம் மேலே. ம். இன்னும். ஆடாதை, பிள்ளை."

கருவி கீச்சிடும். அவர் முகம் மலர்ந்துவிடும். வேலையில் இருந்த காலத்துப் பெருமை அத்தனையும் அந்தக் கீச்சில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. தன் வேலியைத் தானே பிடித்துக்கொடுக்க அவளை வைத்தாரே, அந்த அக்கிரமத்தை என்னவென்று சொல்ல! கை வலித்து அவள் கொஞ்சம் தாழ்த்தினால், முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவள் மறுபடி கையைத் தூக்கிப் பிடிப்பாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

அந்திக்கு வாசலைத் திறப்பார், கதிரைப் போடுவார், சுவாமி அறையில் உட்கார்ந்து தேவாரம் பாடுவார். பாடி முடித்ததும் கதிரை அணைத்து வாசலைப் பூட்டுவார்.

முதல் வெள்ளிக்கிழமையே கூத்து நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் சாம்பிராணித் தட்டை வீடு முழுக்கக் காட்டுவாள், அது அம்மா விட்டுப்போன பழக்கம். புகை நடையில் நிறைந்ததும் ஒருவரும் குறுக்கே போகாமலே சைரன் அலறியது. அவள் பதறிப்போய், "அப்பா, நிப்பாட்டுங்கோ" என்றாள்.

"தேவாரம் முடியட்டும்."

பாதிப் பதிகத்தில் எழும்பினால் தெய்வக் குற்றம். சைரனுக்கு மேல் குரலெடுத்துப் பாடினார். மறுநாள் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, புகை கதிரை மறைக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். சாம்பிராணியை நிறுத்தவும் பயம், கதிரை நிறுத்தவும் பயம். வெள்ளிக்கு வெள்ளி சைரன் அலறியது, அரை மணி நேரம் கத்திவிட்டுத் தானாக ஓயும். தெருக்காரர்கள் முதலில் ஓடி வந்தோம், பிறகு திட்டினோம், பிறகு காதில் வாங்குவதையே விட்டுவிட்டோம்.

குணபூசணி மட்டும் காதில் வாங்கினாள். கிள்ளானுக்குப் போய்த் தம்புசாமியைக் கட்டிக்கொள்ள வேண்டும், இந்தப் பிறவியில் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். மெல்பர்ன் அண்ணனிடம் கேட்டுப் பார்த்தாள். "அப்பா இருக்கும் மட்டும் பொறுத்துக்கொள்" என்றான் அந்தப் புண்ணியவான்.

ஐப்பசி மாதத்து வெள்ளி ஒன்றில் தணலில் இரண்டு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். நடை வெள்ளையாகிப் போனது. சைரன் அலறியது, உள்ளே தேவாரம் உயர்ந்தது. தட்டை நடையில் வைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள். நானே ஜன்னலில் பார்த்தேன், செருப்புகூட இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பஸ் நிற்கும் இடம்வரை சைரன் கேட்டதாம். "அது கத்துற வரைக்கும் அப்பா எழும்பயில்லை எண்டு தெரியும் அக்கா. கத்து, கத்து எண்டு கும்பிட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

உண்மைதான், அவர் எழும்பவில்லை. பாட்டு முடிந்து, "பிள்ளை!" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். பதில் வராததால் வாசலுக்கு ஓடி வந்திருக்க வேண்டும். நடைக்கு வருமுன்பே மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமைச் சைரனுக்கு யார் போவார்கள்? சனிக்கிழமை காலை தயிர் கொடுக்கப் போனபோது நான்தான் பார்த்தேன். இரவெல்லாம் திறந்து கிடந்த வாசல் வழியாக ஒரு திருடனும் வரவில்லை. ஆளுக்கு உயிர் இருந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

மகனுக்குச் செய்தி போனது. தம்புசாமியின் கிள்ளான் கடைக்கு மெல்பர்னிலிருந்து போன் வந்தது. "நீ செய்த வேலைதானே, நீயே போய்ப் பார்" என்றான் அண்ணன். திங்கட்கிழமை பதிவுத் திருமணத்துக்கு ஏற்பாடு செய்திருந்த தம்புசாமி அவளைத் தானே அழைத்து வந்து விட்டான். அவனைக் கண்டதும் கிழவர் இடது கையால் தம்ளரை எடுத்து அவன் முகத்தில் எறிந்தார். குறி தப்பவில்லை. தம்புசாமி கொஞ்ச நாள் ஞாயிறுதோறும் வந்து வெளியே நின்று பேசிவிட்டுப் போனான். பிறகு அவன் வீட்டில் வேறு பெண் பார்த்தார்கள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

கிழவர் நல்ல காலை வைத்துக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுவார். அதனால் கன்னையாவைக் கூப்பிட்டு நடையில் இருந்த கதிர்ப் பெட்டிகளைக் கழற்றி, கட்டிலோரமாகப் பொருத்த வைத்தாள். கால் வெளியே வந்தால் சைரன் அலறும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று டாக்டரே பாராட்டினார்.

ரயில் அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. காலையில் நேர் பார்க்க இரண்டு பேர் வேண்டும். கட்டில் கால்மாட்டில் அவள் பெட்டியின் திருகைத் திருப்ப உட்காருவாள். அவர் இடது கையில் அந்தக் கருவியைத் திணிப்பாள்.

"கொஞ்சம் மேலே. ம். இன்னும். ஆடாதேங்கோ, அப்பா."

அவர் கை நடுங்கும். கருவி கீச்சிடும், நிற்கும், கீச்சிடும். கை தளர்ந்து விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. ஒன்பது வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில் பிரசாதம் கொடுக்கப் போனேன். சாம்பிராணித் தட்டு கட்டிலுக்கு அடியில் இருந்தது. சைரன் வீட்டைப் பிளந்தது. புகைக்குள் கிழவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், இடது கை காற்றில் எதையோ பிடித்து இழுத்தது. குணபூசணி சுவாமி அறையில் சம்மணமிட்டு, சைரனுக்கு மேல் குரலெடுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா மூச்சுக்குத் திணறுறாரு, குணம்!" என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தேவாரம் முடியட்டும், அக்கா" என்றாள்.