எங்கள் தெருவின் மேல் ஒரு கோடு

மூன்றாவது தோசை தட்டில் விழுந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பையனுக்கு ஆன்ட்டி இரண்டு தோசை போடுவார். அது அன்பு. மூன்றாவதைக் கேட்காமலே, அதுவும் நெய் விட்டு முறுகலாகப் போட்டுவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அது வேறு.

"ஏங் கண்ணு, உங்க ஆபீஸ்ல இப்ப என்ன வேலை போய்ட்டிருக்குது?"

"எப்பவும் போலத்தான் ஆன்ட்டி."

"ஸ்டேடியம் வேலைன்னு அங்கிள் சொன்னாங்க."

அங்கிளுக்குச் சொன்னது நான்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கல்லூரியின் ஃபுட்பால் மைதானம் இருக்கிறது. சனிக்கிழமை ஆட்டம் என்றால் சத்தம் சமையலறைப் பாத்திரம்வரை அதிரும். அந்த மைதானத்தை வரும் காலத்தில் எப்படிப் பெரிதாக்கலாம் என்று திட்டம் போடும் வேலை லாஸ் கொலினாஸில் இருக்கும் எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அங்கிளும் நானும் ஒரே காரில் வேலைக்குப் போகும் வழியில், "நம்ம ஸ்டேடியம்தான் அங்கிள்!" என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த வாரமே, இதைப் பற்றி வெளியே யாரிடமும் பேசமாட்டேன் என்று அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டதிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததுதான் வினையாகிவிட்டது. நேற்றுவரை பேசியவன் இன்று பேசவில்லை என்றால் என்ன அர்த்தம்? மைதானம் பெரிதாக நம் வீடு போகப்போகிறது என்றுதானே?

ஆன்ட்டியும் அங்கிளும் கோபி பக்கத்துக்காரர்கள். அங்கிளுக்கு சாஃப்ட்வேர் வேலை. வீடு வாங்கிப் பல வருடங்கள் ஆகியும் அவர்கள் அதில் ஒரு ஆணி அடிக்கவும் யோசித்தார்கள். "கிரீன் கார்டு வரட்டும்" என்பதுதான் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில். சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாமா? கிரீன் கார்டு வரட்டும். சோஃபா மாற்றலாமா? வரட்டும். ஆன்ட்டிக்கு இருந்த ஒரே ஆசை வீட்டின் பின்பக்கம் தனியாக ஒரு சமையலறை. உள்ளே வடை சுட்டால் புகை அலாரம் அலறும், சோஃபாவிலும் குளிர்கோட்டிலும் எண்ணெய் வாசனை ஏறிவிடும். அதனால் கராஜில், கதவைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, குளிரில் ஸ்வெட்டர் போட்டபடி, கேஸ் அடுப்பில் வடை சுடுவார். இந்த வருடம் கிரீன் கார்டு வந்தது. சமையலறை கட்டலாம் என்று அங்கிள் வாயால் சொன்ன அதே மாதம் ஸ்டேடியம் வேலை என் மேசைக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு அங்கிள் ஒரு அளவு டேப்பை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீ கட்டடம் படிச்சவன்தான? பின்னால ஆன்ட்டிக்கு ஒரு ரூம். சும்மா ஒரு டிராயிங் போட்டுக் குடு."

டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரைந்து கொடுத்தால், வீடு தப்பித்தது என்று நான் சொன்னதாக ஆகும். மறுத்தால், வீடு போகப்போகிறது என்று சொன்னதாக ஆகும்.

"கொஞ்சம் வேலை இருக்கு அங்கிள். பாத்துட்டுச் சொல்றேன்."

"எதப் பாத்துட்டு?" என்றார் அங்கிள், உடனே.

உண்மை என்னவென்றால் எனக்கே தெரியாது. நிறுவனம் மூன்று விதமாகத் திட்டம் போட்டிருந்தது. என் பங்கு கிழக்குப் பக்கக் கேலரியின் தூண்கள் மட்டும். பின்னொரு நாள் மேலே இன்னொரு அடுக்கு வந்தாலும் தாங்கும்படி இப்போதே எவ்வளவு கனமாகப் போடவேண்டும் என்பது என் கணக்கு. எங்கள் வேலையில் நிச்சயமாகக் கட்டப்போவதை முழுக்கோடாக வரைவோம். பிறகு வந்தாலும் வரலாம் என்பதை விட்டு விட்டு வரைவோம். மூன்றாவது திட்டத்தில் ஒரு அடுக்குமாடி கார் நிறுத்தம் அப்படி விட்டு விட்டு வரையப்பட்டு, எங்கள் தெருவின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதை வரைந்தது வேறு குழு. ஒரு மீட்டிங்கில் திரையில் கண்டதோடு சரி. மற்ற இரண்டில் எங்கள் தெருப்பக்கமே அவர்கள் வரவில்லை. மூன்றில் எது நடக்கும், எப்போது நடக்கும், நடக்குமா என்பது கல்லூரிக்கே தெரியாது.

"தெரியாது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் அப்பாவே நம்பவில்லை. அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். படித்தவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்ததே கிடையாது. போனில் இடம், பெயர் ஒன்றும் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன்.

"ஏப்பா, நாம குடியிருக்குற வீடு இடிபடுமோ என்னமோன்னு தெரியாம இருந்தா என்ன சொல்றது?"

"நீதான்டா வரையிற?"

"ஆமா. ஆனா நான் தூணு மட்டுந்தான்."

"தூணு எங்க நிக்கும்னு தெரியும், வீடு எங்க நிக்கும்னு தெரியாதாக்கும்," என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சொல்லக் கூடாதுன்னா எங்கிட்டயும் சொல்லாத. வேல முக்கியம்," என்றார். அவரும் நான் மறைக்கிறேன் என்றே முடிவு செய்துவிட்டார்.

இது ஒரு பக்கம். அலுவலகத்தில் இன்னொரு பக்கம். என் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர், பெரிய உருவம், அந்தக் கல்லூரியிலேயே படித்தவர். இந்த வேலை வந்ததிலிருந்து காபி மெஷின் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார். வானிலையில் ஆரம்பிப்பார். அப்புறம், உன் வீட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள்? நீண்ட நாளாக அங்கேயே இருக்கிறார்களா? வீட்டின் முன்னால் புல்வெளி பெரியதா? சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பார்களா?

புல்வெளியின் அகலம் இவருக்கு எதற்கு? என் முகவரியைப் பார்த்துத்தான் இந்த வேலையில் என்னைப் போட்டார்களோ என்று தோன்ற ஆரம்பித்தது. தெருக்காரர்கள் விற்கிற மனநிலையில் இருக்கிறார்களா என்று உளவு பார்க்க, சம்பளமும் கொடுத்து விசாவும் கொடுத்து ஒரு ஆளை அங்கேயே குடிவைத்த மாதிரி. "சரியாகத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு காபியைக் கையில் ஊற்றிக்கொண்டு ஓடிவந்தேன். அலுவலகத்தில் வீட்டைப் பற்றிப் பேசக்கூடாது, வீட்டில் அலுவலகத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஃப்ரீவேயில் அங்கிளோடு போகும்போது எதைப் பற்றியும் பேசக்கூடாது. நாங்கள் இருவரும் ரேடியோவில் டிராஃபிக் செய்தியைப் பக்தியோடு கேட்டுக்கொண்டு போனோம்.

இந்த நேரத்தில்தான் புரோக்கர் ஒருவன் அங்கிளுக்குப் போன் செய்தான். வீட்டை இருக்கிற நிலையிலேயே உடனே வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது, இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றான்.

"யாருங்க வாங்கறது?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"சொல்ல மாட்டீங்கறான்."

"சொல்லாதவனுக்கு எதுக்குக் குடுக்கோணும்?"

"இங்க யாருதான் சொல்றாங்க?" என்று அங்கிள் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, அங்கிள் சீக்கிரமே கிளம்பிவிட்டதால் நான் தனியாக வீட்டுக்கு வந்தால், இருவரும் வாசலிலேயே நிற்கிறார்கள். அங்கிள் போனை நீட்டினார். அழைப்பு மணியில் இருக்கும் கேமரா பிடித்த வீடியோ.

"பாரு. பட்டப்பகல்ல, நாங்க இல்லாதப்ப."

பெரிய உருவம் ஒன்று எங்கள் புல்வெளியில் காலை எட்டி எட்டி வைத்து நடக்கிறது. முனைக்குப் போகிறது, திரும்புகிறது, கார் ஏறும் டிரைவ்வேயைப் பார்க்கிறது, தலையை ஆட்டிக்கொள்கிறது. வேலியை ஒட்டிக் குனிந்து மண்ணைக் காலால் அமுக்கிப் பார்க்கிறது.

என் மேனேஜர்.

"அளக்கறானுங்க கண்ணு," என்றார் ஆன்ட்டி. "எங்க ஊர்ல பைபாஸ் போடறதுக்கு முன்னாலயும் இப்படித்தான் வந்தானுங்க. மொதல்ல காலால அளப்பானுங்க. அப்புறம் கல்லு நடுவானுங்க."

"தெரிஞ்ச ஆளா?" என்று அங்கிள் கேட்டார். வீடியோவைப் பார்த்துக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். வாயைக் கட்டலாம், முகத்தை என்ன செய்வது?

"சரி. புரிஞ்சுது," என்றார். "நாளைக்கு அந்தப் புரோக்கருக்கு சைன் பண்ணிடறேன். இருக்கறது போறதுக்கு, கெடைக்கறது வரட்டும்."

ஆன்ட்டி கராஜுக்குள் போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், கேட்கவே இல்லை.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஆனால் எதைச் சொல்வது? சொன்னால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், ஒட்டன்சத்திரத்தில் அப்பா இன்னும் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார். ஊருக்கே தெரிந்த விஷயம் ஒன்றுதான் என் கையில் இருந்தது. அடுத்த வாரம் கல்லூரி அரங்கில் ஸ்டேடியம் பற்றித் தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். தெருமுனைக் கம்பத்திலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"அங்கிள், கூட்டம் முடியுற வரைக்கும் சைன் பண்ணாதீங்க. எல்லா பிளானையும் அங்க வெப்பாங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"கூட்டம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? அதுக்குள்ள உங்க ஆளுங்களுக்கு என்ன முடியணும்?"

நான் மாடியேறினேன். கீழே ஆன்ட்டியின் குரல் கேட்டது. "பையன் மூஞ்சியப் பாத்தீங்களா? நம்மளக் காட்டியும் பயந்து கெடக்கறான். ஒரு வாரம் பொறுங்க."

கூட்டத்தில் எங்கள் நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போர்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று போர்டு, மூன்று திட்டம். தெருக்காரர்கள் குக்கீயைக் கடித்துக்கொண்டு தங்கள் கூரையைத் தேடினார்கள். அங்கிள் இன் பண்ணிய சட்டையோடு ஆன்ட்டியுடன் வந்தார். மூன்றாவது போர்டு முன்னால் நின்று, எல்லோர் எதிரிலும் என்னை ஆங்கிலத்தில் 'சார்' போட்டு, என் வீடு இதில் இருக்கிறதா என்று கேட்டார்.

கேட்டவர் தெருக்காரர், போர்டு ஊருக்கு முன்னால் இருக்கிறது. இப்போது நான் பேசலாம். மாதக்கணக்கில் அடைத்திருந்தது வெளியே வந்தது. தமிழிலேயே சொன்னேன்.

"இருக்கு அங்கிள். இந்த மூணாவதுல மட்டும். கோடு விட்டு விட்டு இருக்கு பாருங்க, அப்படின்னா முடிவாகலைன்னு அர்த்தம். மத்த ரெண்டுலயும் இல்ல. எது நடக்கும்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் சத்தியமா தெரியாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் போர்டின் ஓரத்தைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அங்கே வெள்ளை அட்டைதான் இருந்தது.

அப்போது என் மேனேஜர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அங்கிள் கையைக் கொடுக்கவில்லை. என் புல்வெளியை ஏன் அளந்தீர்கள் என்று கேட்டார், போனை உயர்த்திக் காட்டி. மேனேஜருக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. ஆட்டத்துக்கு வரும்போது அவருடைய பிக்கப் டிரக்கை நிறுத்த இடமே கிடைப்பதில்லையாம். இந்தத் தெருவில் சிலர் புல்வெளியை வாடகைக்கு விடுகிறார்களாம். பக்கத்தில் வந்தவர், எங்கள் புல்வெளியில் டிரக் கொள்ளுமா, மண் தாங்குமா என்று பார்த்தாராம். மணி அடித்தாராம், யாரும் இல்லையாம். "இவனிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன், பிடி கொடுக்கவே மாட்டேன் என்கிறான்," என்று என்னைக் காட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை.

"நம்பறியா நீ? லாரி நிறுத்தவாம்."

"ஏனுங்க, அவரு ஒடம்புக்கு அவ்ளோ பெரிய வண்டிதான் வேணும்."

"நாலாவதா ஒரு போர்டு இருக்கும். காட்ட மாட்டானுங்க."

புரோக்கரை அங்கிள் மறுநாள் தானே அழைத்து, வாங்குபவர் யார் என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தவன்தான், அப்புறம் அழைக்கவில்லை. கூட்டத்துக்கு அவனும் வந்திருந்தானா, போர்டைப் பார்த்துத்தான் விலகினானா, எனக்குத் தெரியாது. அங்கிள் அதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்.

அந்த வாரம் ஆன்ட்டி அளவு டேப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்த மூணாவது வந்தாலும் எப்ப கண்ணு வரும்?"

"சொல்ல முடியாது ஆன்ட்டி. வராமலே போகலாம். பல வருஷம் கழிச்சும் வரலாம்."

"கிரீன் கார்டு மாதிரி."

"ஆமா."

"இன்னொருக்கா என்னால காத்துட்டு இருக்க முடியாது. அதுக்குள்ள எவ்வளவோ வடை சுட்டுப்போடலாம். நீ வரை. முழுக்கோடாவே போடு."

சாப்பாட்டு மேசையிலேயே வரைந்தேன். அடுப்பு, தொட்டி, புகை போக ஜன்னல், எல்லாம் முழுக்கோடு. அங்கிள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் எங்காவது கோட்டை விடுகிறேனா என்று.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம். மேனேஜரின் டிரக் எங்கள் புல்வெளியில் ஏறி நின்றது, ஒரு சக்கரம் பூச்செடியை உரசியபடி. கராஜில் ஆன்ட்டி வடை சுட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் ஒரு தட்டில் சூடாக எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் நீட்டினார். அவர் ஒன்று சாப்பிட்டார். கண்ணை மூடி ரசித்தார். இன்னொன்று சாப்பிட்டார். போதும் என்று கையை உயர்த்துவதற்குள் அங்கிள் மூன்றாவதை வைத்துவிட்டு, மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஸோ," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார் அங்கிள், "ஆபீஸில் வேலை எல்லாம் எப்படிப் போகிறது?"

மேனேஜர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டிரக்கின் சக்கரத்தைப் பார்த்தேன்.