யானைப்புல் நட்ட நிலம்

மும்பைக்கு வெளியே, கல்யாணைத் தாண்டி நாங்கள் வாங்கிப்போட்ட நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது என்று தெரிந்ததும், என் கணவர் அதில் புல் நடப்போவதாகச் சொன்னார். செம்பூர் வீட்டில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"புல்லா? நம்மகிட்ட மாடு எங்க இருக்கு?"

"மாட்டுக்கு இல்லட்டி, பாய்லருக்கு."

அவர் ஐரோலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசி வருடங்களில் அங்கே நிலக்கரியை நிறுத்திவிட்டு, மரத்தூளையும் பயிர்த்தட்டையையும் அழுத்திச் செய்த கட்டிகளை எரித்தார்கள். அதற்கு யானைப்புல்லும் ஆகும், ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் வெட்ட வெட்டத் தழைக்கும் என்று கட்டி செய்கிற பட்டறைக்காரர் இவரிடம் சொல்லியிருக்கிறார். இவரோ தாராவியில் பிறந்து வளர்ந்தவர். தொட்டியில் ஒரு துளசிச்செடிகூட வைத்தவரில்லை.

மழை பிடித்ததும் நட்டோம். கரும்பு மாதிரி இருந்த தண்டைக் கணுவோடு துண்டுகளாக நறுக்கி, சாய்த்து ஊன்ற வேண்டும். அடுத்த நிலத்தில் நெல் போடுகிற மராத்திப் பெண் வரப்பில் நின்று பார்த்தாள். எரிப்பதற்காகவா புல் வளர்க்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தாள். இரண்டு எருமை வைத்திருந்தவளுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எனக்கும் வந்தது.

ஆனால் புல் வளர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவர் உள்ளே போனால் ஆள் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். முற்றிக் காய்ந்த பிறகு வெட்டலாம் என்று பட்டறைக்காரர் சொன்னதால் கோடைவரை விட்டுவைத்தோம்.

வெட்ட ஆள் வருவதற்கு முன் தீ வந்தது. அந்தப் பக்கத்தில் நாற்றங்கால் போடும் இடத்தில் சருகும் சாணியும் பரப்பிக் கொளுத்துவது வழக்கம். பக்கத்து நிலத்துப் பெண்ணும் கொளுத்தியிருக்கிறாள். காற்று திரும்பிவிட்டது. அவளே இவருக்குப் போன் செய்து, "அண்ணா, ஆக் லக் கயீ, உங்க புல்லுல தீ!" என்று அழுதாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிலம் முழுக்கக் கறுப்பு. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தன் தப்புதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "கோயி பாத் நஹீ, பரவாயில்ல" என்றார் இவர், அவள் முகத்தைப் பார்க்காமல். திரும்பி வரும்போது, வண்டி மாறக் குர்லாவில் இறங்கும்போது சொன்னார்: "நெலத்த வித்துருவோம்ட்டி."

அதன்பிறகு அவர் அங்கே போகவில்லை. மழை தொடங்கியதும், நிலத்து மூலையில் தீக்குத் தப்பிய எங்கள் கொட்டகையில் கிடந்த மண்வெட்டியையும் தார்ப்பாயையும் எடுத்து வர நான் தனியாகப் போனேன். வரப்பேறி நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். கருகிய தூர்களின் நடுவிலிருந்து விரல் நீளத்துக்குப் பச்சைக் குருத்துகள் வந்திருந்தன. எல்லாத் தூரிலும் இல்லை, முக்கால்வாசியில் இருந்தன. பக்கத்து நிலத்துப் பெண் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். எருமைகள் வாய் வைத்துவிடாமல் அவற்றை மறுகோடியில் கட்டிப்போட்டிருப்பதாகச் சொன்னாள்.

நான் வீட்டுக்குப் போன் போட்டேன். "ஏங்க, புல்லு முளைச்சிருக்கு."

"களையா இருக்கும்."

"கருகுன தூருக்குள்ள இருந்துல்லா வருது. வந்து பாருங்க."

அடுத்த வண்டியில் வந்துவிட்டார். சேற்றில் மண்டியிட்டு ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வரவில்லை. "வேரு அப்படியே கெடக்குட்டி" என்றார். பிறகு எழுந்து, கால்கூடக் கழுவாமல், நேரே பக்கத்து நிலத்துக் குடிசைக்குப் போனார். "பாபி, சாய் கிடைக்குமா?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டார். அவள் அடுப்பைப் பற்றவைக்கும்போது மறுபடி அழுதாள்.

அந்தத் தேநீரின்போதுதான் பேசி முடிவு செய்தார்கள். தீ தாண்டாமல் இருக்க, இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒரு பட்டை இடத்தைக் கோடைக்கு முன் செதுக்கி வெறுமையாக விடுவது. ஓரத்து வரிசைகளை அவள் எருமைகளுக்கு இளசாக அறுத்துக்கொள்வது. பட்டுப்போன தூர்களின் இடத்தில், மற்றவை வளர்ந்ததும் அவற்றின் தண்டையே நறுக்கி நட்டோம்.

அடுத்த கோடையில் புல் காய்ந்ததும் தாமதிக்காமல் வெட்டிவிட்டோம். பெரிய வருமானம் இல்லை. லாரி ஏற்றிய அன்று புல்லின் சுணை பட்டு எனக்கும் அவளுக்கும் கையெல்லாம் அரிப்பு. அவள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். மாறி மாறித் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் கல்யாணில் ரயில் ஏறியபோது எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. இரண்டு நிலையம் தள்ளி டோம்பிவிலி வருவதற்குள் அவர் தூங்கிப்போனார்.