கொடியைத் துடைத்துவிட்டு

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே கிடக்கும் ஷெட்லாந்து தீவுகளைத் தனியாகச் சுற்றப் போகிறேன் என்று குதித்துக்கொண்டு கிளம்பியவள் நான். நான்காவது தீவில் காற்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டு நாளாகப் படகு இல்லை. விடுதியில் என்னைத் தவிர ஆளே இல்லை; சாவி கொடுத்த அம்மாளும் அதன்பின் வரவில்லை. வாயைத் திறந்து பேசி எவ்வளவு நேரமாயிற்று என்று யோசித்தபோது பயமாகக்கூட இருந்தது.

ஏதாவது வேலை வேண்டுமே என்று சட்டையைத் துவைத்தேன். முற்றத்தில் துணி காயப்போடும் கொடியை முதலில் ஈரத்துணியால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடைத்தேன். நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த கை. அங்கே துடைக்காமல் போட்டால் சட்டையில் கரிக்கோடு விழும். இங்கே துடைத்த துணியில் பொட்டு அழுக்கில்லை. சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன்; அது மதிலைத் தாண்டிப் பறந்தது. கரிக்குப் பயந்தவள் கிளிப் போட மறந்திருந்தேன்.

ஆடுகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து, சிரிப்பும் மூச்சிரைப்புமாக, "பாத்தீங்களா!" என்று திரும்பினேன். யாருமில்லை.

அம்மாவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"என்னடி, ஒரே எரைச்சலா கேக்குது? மழையா?"

"காத்தும்மா. கொடியத் தொடச்சேன், கரியே வரல!"

"எப்படி வரும்? அங்க என்ன மைன்ஸா இருக்கு? லூசு! கூட யாரு இருக்கா?"

ஆடுகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"யாருமில்ல. வச்சிடாதம்மா," என்றேன். "இன்னும் கொஞ்சம் திட்டு."