நான் இல்லாத பெட்டியில் நடந்த கூட்டம்

எங்கள் வாசகர் வட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். மாதம் ஒருமுறை ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு காபிக் கடையில் கூடி, ஒரு தமிழ் நாவலைப் பற்றிப் பேசுவோம். பேசுவோம் என்றால், நான் பேசுவேன். மற்ற நால்வரும் காபி குடிப்பார்கள். கூட்டம் சூடாகப் போகிறது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களில் மூத்தவர், ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்த அக்கா. ஒருநாள் போனில் சொன்னார்: "இதோ பாரு, நீ வருத்தப்படுவேன்னுதான் எல்லாரும் வர்றாங்க. புக்குக்காக யாரும் வரல. அடுத்த மாசமும் இப்படியே போச்சுன்னா மூடிடலாம்டி."

மூடுவதா! ஆபீசில் கம்ப்யூட்டர் கோடு எழுதுவது போக மீதி உயிரை இதில்தான் வைத்திருந்தேன். குறை என்னிடம் இருக்கலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. யோசித்து யோசித்து, குறை காபிக் கடையில்தான் என்று கண்டுபிடித்தேன்.

அந்த மாதத்து நாவல் ஒரே பகலில், ஒரே ரயில்பெட்டியில் நடக்கிறது. ஆரம்பத்திலேயே ஒருவன் தண்ணீர் பிடிக்க இறங்கி, திரும்ப ஏறாமல் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுகிறான். மீதிப் புத்தகம் முழுக்க அவன் மனைவியும் மற்ற பயணிகளும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறார்கள். அப்புறமென்ன, கூட்டத்தை எம்எம்டிஎஸ் என்னும் எங்கள் ஊர் லோக்கல் ரயிலில் வைத்துவிட்டேன். ஞாயிறு காலை, லிங்கம்பள்ளியிலிருந்து செகந்திராபாத் வரை. நாவலில் புளியோதரை வருகிறது. ஆகவே எல்லோரும் புளியோதரை கொண்டுவர வேண்டும் என்று குரூப்பில் உத்தரவும் போட்டேன். வட்டத்தில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் நண்பன் ஒருவன் உண்டு. தமிழ் புரியும், படிக்க வராது. அவனுக்காக அத்தியாயம் அத்தியாயமாக நானே வாசித்து ஆடியோ அனுப்புவேன். "பிரியாணி நக்கோ க்யா, லீடர்?" என்று கேட்டான், பிரியாணி வேண்டாமா என்று. அது நாவலுக்குத் துரோகம் என்று பதில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, வட்டத்தின் மீதி இருவரான திருநெல்வேலித் தம்பதி கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து பின்பெட்டியில் ஏறிவிட்டார்கள். காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? அக்காவையும் லாலாகுடாக்காரனையும் வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். "அவன் வேணும்னேதான் நின்னுட்டான். கண்ணு முன்னாடி நகர்ற வண்டியை யாராவது சும்மா விடுவாங்களா? அது துறவு!"

"ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டான் லாலாகுடாக்காரன், வாய் நிறையப் புளியோதரையுடன். எதிரில் இருந்தவர், நான் ஏதாவது இன்ஷூரன்ஸ் விற்கிறேனா என்று அக்காவிடம் தெலுங்கில் ரகசியமாகக் கேட்டார்.

ஹைடெக் சிட்டி நிலையத்தில், தம்பதியைக் கையோடு கூட்டிவர நான் இறங்கி ஓடினேன். பின்பெட்டியை ஜன்னல் ஜன்னலாகத் தேடினால் அவர்களைக் காணோம். அதற்குள் அக்கா போன் போட்டு அவர்களை எங்கள் பெட்டிக்கு வரவழைத்துவிட்டிருக்கிறார். வண்டி நகர்ந்தது. இரண்டடி ஓடினேன். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒருவர் கைகூட நீட்டினார். நான் நின்றுவிட்டேன். நின்றதோடு விடாமல், ஏதோ முக்கியமான அழைப்பு வந்ததுபோல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

வைத்த போன் நிஜமாகவே அடித்தது. "எங்கடி இருக்கே?"

"பிளாட்பாரத்துல, அக்கா."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அடுத்த வண்டியில் வரச் சொன்ன அக்கா, போனைக் கட் செய்யாமலே எங்கோ வைத்துவிட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அரே, லீடர் பீ உதரிச் ரஹ் கயீ! புக்குல மாதிரியே!" என்றான் லாலாகுடாக்காரன். தலைவியும் அங்கேயே நின்றுவிட்டாளாம்.

"அவ தியரிப்படி, வேணும்னே நின்னிருக்கணும்" என்றார் அக்கா.

அப்போது திருநெல்வேலிக்காரர் பேசினார். இத்தனை மாதங்களில் வாயே திறக்காத மனிதர். "வேணும்னுலாம் நிக்கல. தண்ணி புடிச்சிட்டு நிமிந்தா வண்டி நகருது. ஓடலாம். ஆனா எல்லாரும் ஜன்னல் வழியா பாக்காவ. ஓடியும் புடிக்க முடியலன்னா அசிங்கம்லா? அதான் நின்னுட்டான்."

"பொண்டாட்டி உள்ள இருக்காளே, அவளுக்காகவாவது ஓட வேண்டாமா?" என்றார் அக்கா.

"ஓட மாட்டாவ," இது அவர் மனைவி. "இவுகளும் ஓட மாட்டாவ. எனக்குத் தெரியும்லா."

பிறகு நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் வட்டத்தில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "கரெக்ட்! அதான் பாயிண்ட்! மூணாவது அத்தியாயத்துல..." என்று கத்திவிட்டேன்.

"நீ இன்னும் லைன்லயா இருக்கே?" என்றார் அக்கா.

"ஆமாக்கா, அந்த அத்தியாயத்துல..."

போன் கட்டானது.

அடுத்த வண்டி பிடித்து செகந்திராபாத் போனபோது, நால்வரும் பிளாட்பாரப் பெஞ்சில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பங்குப் புளியோதரையைக் காணோம்.

"மூடிடலாமா அக்கா?" என்றேன்.

"எதுக்கு? அடுத்த மாசமும் இதே வண்டிதான். நீ மட்டும் அதுக்கு அடுத்த வண்டில வா."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கை நீட்டியவரைப் பற்றி மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எங்கள் கூட்டத்தில் பேச இடைவெளி கிடைத்தால்தானே.